சொல்லால் சுடாதீர்!

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. உலைப்பானையை மூட ஒரு தட்டுப் போதும். ஊராரின் வாயை மூட இதுவரை எந்தக் குயவரும் மூடி செய்ததில்லை. இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் என் ஆயா என்னைத் தேற்றுவார். “பேசறவங்க பேசட்டும் கண்ணு, நீ காதுல போட்டுக்காதே” என்பார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஊர் வாயை மூட முடியாது என்று நாம் எல்லாருமே சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஊர் வாயில் நம் வாயும் ஒன்று என்பது மறந்துபோகும் அல்லவா? பிறர் வாயை மூட நம்மால் முடியாமல் இருக்கலாம். நம் வாயை நாம் மூடிக்கொள்ள முடியும். அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உத்தரப் பிரதேச மாநிலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தன. சீதாப்பூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் 600-க்கு 591 மதிப்பெண்கள் பெற்று மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார். அவருடைய படம் எங்கும் வெளிவந்தது. பார்த்தவர்களில் பலர் 591 என்ற எண்ணைப் பார்க்கவில்லை. அவருடைய மேலுதட்டில் இருந்த முடியைத்தான் பார்த்தார்கள். நாடெங்கும் கைபேசிகளில் அந்தக் குழந்தையைக் கேலி செய்து எழுதினார்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்து முதலிடம் தவறியிருந்தால் இந்தக் கேலியே வந்திராது என்ற பொருள்படப் பிறகு அவர் கூறினார். முதலிடம் பெற்ற பெண், முதலிடம் பெற்றதற்காக வருந்தும்படி ஆயிற்று! அவர் பெயரை நான் இங்கு எழுதவில்லை. போதுமான அளவுக்கு மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அவருக்கு ஏதேனும் நோய் உண்டா என்பதும் நமக்குத் தேவையில்லாத கேள்வி.

அந்தச் செய்தி என்னை ஏன் அவ்வளவு வருத்தியது என்றால், எனக்கும் மேலுதட்டில் முடி இருக்கிறது. எனக்குப் பி.சி.ஓ.எஸ். என்னும் நோய் இருக்கிறது. நம் ஊரில் இதைச் ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்பார்கள். இதைப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் மூன்று நாட்கள் பேச்சு நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டி அல்லாத கட்டி

முதலில் இந்நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பயத்தில் பாதி, தெரியாமையால் வருவது.

பெண்ணின் உடலில் சினைப்பைகள் இரண்டு உண்டு. மாதந்தோறும் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிவர வேண்டும். சிலருக்கு அது முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன சிறு சிறு பைகள்தாம் ஸ்கேன் படத்தில் வரிசையாகத் தெரிகின்றன. ஆகவே நாம் நீர்க்கட்டி என்று சொல்வது உண்மையில் கட்டியே அன்று. புற்றுநோயும் அன்று. அறுவை செய்து எடுக்க வேண்டியதும் அன்று. 1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவன்தால் என்ற இருவர் ஏழு பெண்களைச் சோதித்து இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நோய்க்குச் சூட்டிய பெயர் பொருத்தமாக இல்லை என்றும், அதை மாற்ற வேண்டும் என்றும் 2012-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழுவே பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரை எங்கள் வீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்! ‘கட்டி’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் என் ஆயா தலையில் கைவைத்து ஓவென்று அழுதுவிட்டார்.

இந்நோய்க்கு வேர், சினைப்பையில் மட்டும் இல்லை. இன்சுலின் என்னும் சுரப்பு உடலில் சரிவர வேலை செய்யாதபோது, உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டுகிறது. பெண்களுக்குச் சிறிதளவே இருக்க வேண்டிய ஆண்ட்ரோஜன் என்ற சுரப்பு அதனால் மிகுதியாகிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போவதும், முகத்தில் முடி வளர்வதும், பரு வருவதும், தலைமுடி கொட்டுவதும், உடல் பருப்பதும், கழுத்தின் பின்புறம் கருத்துப்போவதும் இதனால்தான். எல்லாம் எல்லாருக்கும் வருவதில்லை. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் உண்டு. குடும்ப வழியாகவும் வருகிறது. அவள் சோம்பேறியாக இருந்ததால் வந்தது, அளவின்றித் தின்றதால் வந்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது தவறு.

உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. கடுமையான அளவுகோலைக் கொண்டு பார்த்தால் 7.2 விழுக்காட்டினருக்கும், பரவலாக வழங்கும் ராட்டர்டாம் அளவுகோலைக் கொண்டு பார்த்தால் 19.6 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருந்தது. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் அபூர்வ நோய் அன்று.

என் கதை

ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் எனக்கு நான்கு மாதங்கள் மாதவிலக்கு வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. வராமல் இருப்பது வசதிதானே என்று பேதைத்தனமாக மகிழ்ந்தேன். அம்மா போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போனால், திரும்பி வரும்போது எனக்கு வீட்டுப் பாடம் முடிந்திருக்கும். அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஆயாதான் வீட்டில் கண் வைத்திருப்பவர். அவர்தான் நாள் கணக்குப் பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

அப்போது வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், அம்மாவைத் தனியே அழைத்துப்போய் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே எழுத என் பேனா கூசுகிறது. கதவுக்கு அப்பால் நின்று நான் அதைக் கேட்டுவிட்டேன். அம்மா “என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார். ஆனால் அன்றிரவு அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோயால் மாதவிலக்கு நின்றதற்காக, ஒரு பெண் தன் ஒழுக்கத்தை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. ஜலதோஷம் பிடித்தவரை யாராவது அப்படிப் பார்க்கிறார்களா?

என் கழுத்து கருத்திருந்ததை எல்லாரும் அழுக்கு என்றே நினைத்தார்கள். “நல்லாத் தேய்ச்சுக் குளிக்கக் கூடாதா?” என்று திருமண வீட்டில் நாலு பேர் நடுவில் ஓர் அத்தை கேட்டார். ஆயா பீர்க்கங்கூட்டை எடுத்து என் கழுத்தைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்து இரண்டு நாட்கள் எரிந்தது. கருமை மட்டும் போகவில்லை. அது அழுக்கு அன்று, உள்ளே இருக்கும் இன்சுலின் கோளாற்றின் வெளி அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. பாவம் ஆயா! தெரிந்ததும் என்னை மடியில் படுக்கவைத்து அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

பஸ் நிலையத்தில் நின்றால் சில பையன்கள் ‘மீசைக்காரி’ என்று கத்துவார்கள். அன்று முதல் நான் கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். வகுப்பில் கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். எழுந்தால் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்களே! பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சென்ற ஆண்டு வகுப்புப் படம் எடுத்தபோது, புகைப்படக்காரர் “ரெடி” என்றதும் தும்முவது போலக் கையை முகத்தருகே கொண்டுபோனேன். நன்றாகப் பாடிய நான் பாடல் குழுவின் கடைசி வரிசைக்குப் போனேன். ஆசிரியை என்னைச் சோம்பேறி ஆகிவிட்டாள் என்று நினைத்தார். மதிப்பெண்ணும் குறைந்தது. இரவில் காரணமில்லாமல் அழுகை வரும். காரணமில்லை என்று அப்போது நினைத்தேன். காரணம் இருந்தது.

முதலில் ஒரு மருத்துவரிடம் போனோம். அன்று அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்லிச் சீட்டு எழுதினார். பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சொல்லும் மருந்தா இது? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டத்திலும் இளவயதுத் திருமணச் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், ‘கல்யாணம் ஆனால் சரியாகும்’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை பெண்களின் பாடப்புத்தகத்தை மூடிவிடும் என்று அவர் நினைத்துப் பார்த்திருப்பாரா? திருமணம் இந்நோய்க்கு மருந்து அன்று. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

இரண்டாவதாகப் பார்த்த அம்மையார் வேறு விதமாக இருந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது பலருக்கும் இயல்பு, எனவே எல்லாப் பெண்களுக்கும் இந்நோய் என்று சொல்லிவிடக் கூடாது என்றார். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேன் படத்தை வைத்து இந்நோயை முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல். அவர் என் இரத்தத்தைச் சோதித்தார், முகத்து முடியையும் மாதக் கணக்கையும் பார்த்தார், பிறகே இந்நோய் என்றார். எல்லாம் முடிந்து எழும்போது, “ராத்திரி தூக்கம் வருதாம்மா? அழுகை வருதா?” என்று கேட்டார். ஓராண்டாக என் எடையைக் கேட்டவர்கள் உண்டு, என் நாளைக் கேட்டவர்கள் உண்டு. என் மனத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதார்.

அந்தக் கேள்வி அவருடைய கருணையால் மட்டும் வந்ததன்று என்று பின்னால் அறிந்தேன். இந்நோய் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் மனப்பதற்றமும் மிகுதியாக வருகின்றன, ஆகவே பெரியவர்கள், வளரிளம் பெண்கள் ஆகிய எல்லாரிடத்திலும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று 2023-இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. மனம் நோவதும் இந்நோயின் ஒரு பகுதி. ‘கொழுப்பு’ என்றும் ‘திமிர்’ என்றும் ‘படிக்கச் சோம்பல்’ என்றும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

மருந்துக் கடையில் இன்னொரு தொல்லை. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தத் தந்த மாத்திரையைப் பார்த்துவிட்டுக் கடைப் பையன் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தானாம். அது கருத்தடைக்கும் பயன்படும் மாத்திரை. அம்மா பயந்துபோய், இது பாவமாகுமோ என்று நம் சிஸ்டர் ஒருவரிடம் கேட்டார். நோயைக் குணப்படுத்துவதற்காக எடுத்துக்கொள்ளும் மருத்துவத்தைத் திருச்சபை தடை செய்யவில்லை என்றும், திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் எழுதிய சுற்றுமடலிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது என்றும் சிஸ்டர் விளக்கினார். அம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

“நல்லதுக்குத்தானே சொல்றோம்!”

இப்படி எழுதினால் சிலர் கேட்பார்கள்: “உடம்பைக் குறை என்று நல்லதுக்குத்தானே சொல்கிறோம்? அதைக் கூடச் சொல்லக் கூடாதா?” நியாயமான கேள்விதான். உடற்பயிற்சியும் அளவான உணவும் இந்நோய்க்கு நல்லவை என்பதில் ஐயமில்லை. நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் கீரையும் பேக்கரிப் பஃப்ஸைவிட மேலானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது அல்லவா? பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, “இன்னொரு லட்டா?” என்று உரக்கக் கேட்பது எந்த மருத்துவத்தில் சேர்ந்தது? அன்று அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். இரவில் யாருமில்லாதபோது அடுக்களையில் நின்று அழுதுகொண்டே தின்பாள். இதை நான் கற்பனையாக எழுதவில்லை. இந்நோய் உள்ளவர்களில் பலருக்கு எடையைக் குறைப்பது கடினமாக இருக்கிறது. பருமனைச் சொல்லிப் பழிப்பதே நோயாளிக்குத் தீங்கு என்று அதே 2023 வழிகாட்டி எச்சரிக்கிறது.

பழிக்காமல் உதவ முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் ஆனேக்கல் வட்டத்தில் விவேகானந்த யோக ஆய்வுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் ஆந்திர மாநிலம் அனந்தப்பூரில் விடுதியுடன் கூடிய கல்லூரி ஒன்றில் 15 முதல் 18 வயது வரையுள்ள 460 பெண்களைச் சோதித்தார்கள். அவர்களில் 9.13 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததாக 2011-இல் எழுதினார்கள். பிறகு இந்நோயுள்ள 90 மாணவியரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு யோகமும் மற்றொரு குழுவுக்கு உடற்பயிற்சியும் நாள்தோறும் ஒரு மணி நேரம் என்று 12 வாரங்கள் கற்பித்தார்கள். இயல்பாகவே மனப்பதற்றம் கொள்ளும் தன்மை, யோகம் செய்தவர்களிடம் மற்றவர்களைவிட நன்கு குறைந்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். இதில் நான் கண்ட பாடம் ஒன்றுதான். அந்த மாணவியருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கேலியைக் கொடுக்கவில்லை.

நமக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறதா? ஊத்தங்கரை என்றாலே பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர் என்று மாவட்டம் கடந்தும் பெயர். பிள்ளைகளை மதிப்பெண்ணுக்காக வெளியூர்களிலிருந்து கொண்டுவந்து விடுதியில் சேர்க்கிறார்கள். பெருமைதான். ஆனால் காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருக்கிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு வகுப்பைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுதும் நாற்காலியில் வைத்துவிட்டு, ஏன் பருத்தாய் என்று எங்களையே கேட்டால் நாங்கள் எங்கே போவோம்? அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் இதைக் குறையாக எண்ணாமல், பிள்ளையின் விண்ணப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விளையாட்டு வகுப்பைத் திருப்பித் தாருங்கள். வாரத்துக்கு இரண்டே வகுப்புகள்தாம்!

பேசினால் என்ன ஆகும்?

இந்நோயைப் பற்றி வெளியில் பேசினால் மானம் போய்விடும் என்று வீட்டில் பயந்தோம். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அக்கா “ஏன் முகம் வாடியிருக்கு?” என்று கேட்க, அம்மா தாங்காமல் சொல்லிவிட்டார். சொன்னதும் முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் திரும்பி, “எனக்கும் அதேதான்க்கா” என்றாராம். பின்னாலிருந்து ஒருவர், “என் தங்கச்சிக்கும் இருந்துச்சு. இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க” என்றாராம். ஒரே பஸ்ஸில் எத்தனை மாதங்களாக ஒன்றாகப் போய்வந்தவர்கள்! ஒருவர் வாய் திறந்த பிறகே மற்றவர்கள் வாய் திறந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த அம்மாவின் முகத்தை நான் மறக்க மாட்டேன். “நாம மட்டும் இல்ல கண்ணு” என்றார். குழந்தையே பிறக்காது என்ற ஆயாவின் அச்சமும் அன்று பாதி தீர்ந்தது. இந்நோய் உள்ள பெண்களில் பலர் தாயாகிறார்கள், சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம் என்பதுதான் உண்மை. ஆனால் பதினைந்து வயதில் என் மதிப்பு அதைப் பொறுத்தா இருக்க வேண்டும் என்பதையும் நான் கேட்கத்தான் செய்வேன்.

பெரிய பெயர் பெற்றவர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். திரைக்கலைஞர் சுருதிஹாசன் 2022-இல் தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்தில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த ஹர்நாம் கவுர் என்பவர் பள்ளிப் பருவத்தில் முகத்து முடிக்காகக் கொடிய கேலிக்கு ஆளானவர். பதினாறாம் வயதில் முடியை மறைப்பதை நிறுத்திவிட்டார். 24-ஆம் வயதில், முழுத்தாடியுள்ள மிக இளவயதுப் பெண் என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றார். எல்லாரும் அவரைப் போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடியை நீக்கிக்கொள்ள விரும்புபவள் நீக்கிக்கொள்ளட்டும். விட்டுவிட விரும்புபவள் விட்டுவிடட்டும். எது செய்தாலும் அது அவள் விருப்பமாக இருக்கட்டும். ஊரின் கேலிக்கு அஞ்சிச் செய்வதாக இருக்க வேண்டாம்.

என் வேண்டுகோள்

பெற்றோர்களே! உங்கள் மகளுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் சந்தேகப்படாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்பாக்களும் உடன் வரலாம். இரண்டாம் முறை என் அப்பா மண்டியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் இளநீர் வாங்கித் தந்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே! நன்றாகப் பாடியவள் பாடாமலும், விடை சொன்னவள் சொல்லாமலும் போனால், திட்டுவதற்கு முன் ஒரு முறை தனியே அழைத்துக் கேளுங்கள்.

தோழியரே! ‘மீசை’, ‘குண்டு’, ‘கருவாச்சி’ என்று பட்டப்பெயர் வைப்பது விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். நானும் ஆறாம் வகுப்பில் ஒருத்திக்கு ‘பூசணி’ என்று பெயர் வைத்தேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. இந்த ஆண்டு அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதையா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கே?” என்றாள். ஆனால் அவளும் மறக்கவில்லை என்பதை அவள் கண்களே சொல்லின. கல்லால் பட்ட காயத்தை டிஞ்சர் போட்டு ஆற்றலாம். சொல்லால் பட்டதை ஆற்ற, சொன்னவரே திரும்பி வர வேண்டியிருக்கிறது.

என்னைப் போலவே துன்பப்படும் சகோதரிகளே! இரவில் அழுகை வந்தால் தனியே அழாதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் ஆசிரியையிடம் சொல்லுங்கள். யாருமே இல்லை என்று தோன்றினால் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் வகுப்பில் நாங்கள் 44 பேர். அனந்தப்பூர்க் கணக்கை வைத்துப் பார்த்தால் எங்களில் நான்கு பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். நான் ஒருத்தி. மற்ற மூவர் யார்? கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவளா? பேச்சுப் போட்டியிலிருந்து பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டவளா? எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவளா? அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன மூன்று நாள் பேச்சின் முடிவு. “நாளைக்கு உனக்குப் பொண்ணு பார்க்க வந்தா, யாராச்சும் இந்த மலரை எடுத்துக் காட்டுவாங்களே” என்று ஆயா அஞ்சினார். “எழுதட்டும், பொய்யா எழுதறா?” என்றார் அப்பா. அம்மா மூன்றாம் நாள் இரவு, “எழுது, ஆனா பேர் போடாதே” என்றார். அம்மாவுக்காக ஒப்புக்கொண்டேன். ஆகவே இக்கட்டுரையின் மேல் என் பெயர் இல்லை. காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தால் என் பெயரைத் தாராளமாகப் போட்டிருப்பேன்! ஒரு நோயைப் பற்றி எழுதிய மாணவி பெயர் போட அஞ்சுகிறாள் என்றால், வெட்கப்பட வேண்டியவள் அவளா, அவளை அஞ்சவைத்த நாமா என்று எல்லாரும் சிந்திப்போமாக!

இந்த ஆண்டு மலரிலும் எங்கள் வகுப்புப் படம் வரும். அதில் என்னைத் தேட வேண்டாம். எந்தக் கையும் எந்த முகத்தையும் மறைத்திருக்காது. அடுத்த ஆண்டு இதே மலரில், இதே பொருளைப் பற்றி, வேறொரு மாணவி தன் பெயரையும் வகுப்பையும் போட்டு எழுத வேண்டும். அதை நான் வாங்கிப் படிக்க வேண்டும். அதுவே என் ஆசை.